முங்கினவர் எங்கே போனார்?

மேடையை மூடியிருக்கும் அந்தப் பிரமாண்டமான சிவப்புத் திரை மேலே ஏறவில்லை, பக்கவாட்டில் விலகவும் இல்லை. பின்னாலிருந்து யாரோ ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொண்ட மாதிரி ‘விசுக்’கென்று உள்ளே பறந்து காணாமல் போகிறது. வாயைப் பிளப்பதற்குள் அடுத்த அதிர்ச்சி. திரைக்குப் பின்னால் மேடையைக் காணோம். தண்ணீர்! விளக்கொளியில் பளபளக்கும் ஒரு பெரிய குளம்!

அந்தக் குளத்தின் மேல் ஒருவர் சாவகாசமாக நடந்து வருகிறார். கணுக்கால்தான் நனைகிறது. அவர் போன சற்று நேரத்தில் இன்னொருவர் 60 அடி உயரத்திலிருந்து பல்டியடித்தபடி அதே தண்ணீருக்குள் குதிக்கிறார். எலும்பு நொறுங்க வேண்டாமோ? ஊஹூம். ‘சளப்’பென்று உள்ளே போய்விட்டார்.

அதையாவது விடுங்கள். நீச்சல்காரிகள் கூட்டமாக வருகிறார்கள். தலையை உள்ளே விட்டுக் காலை மட்டும் வெளியே நீட்டி, தாளத்துக்கு ஒரு பிசிறில்லாமல் ஆடுகிறார்கள். பிறகு ஒருசேர முங்குகிறார்கள். நாம் காத்திருக்கிறோம். நேரம் ஓடுகிறது. ஒருத்தராவது மேலே வரவேண்டுமே? வரவில்லை! அதற்குள் கோமாளிகள் வந்து கிச்சுகிச்சு மூட்ட, நாம் சிரித்துக்கொண்டே அவர்களை மறந்துபோகிறோம்.

முங்கினவர்கள் எங்கே போனார்கள்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போவோம், வாருங்கள். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடலாம். தண்ணீரில் நடக்கும் ஷோவில் பெரிய வித்தை அந்தரத்தில் அடிக்கும் பல்டி இல்லை. மேடையை விட்டு வெளியேறுவதுதான்!

பாலைவனத்தில் ஒரு தண்ணி மேடை

ஊர் லாஸ் வேகாஸ். அமெரிக்காவின் நெவாடா மாநிலப் பாலைவனம். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் சுமார் 4 அங்குல மழைதான் பெய்யும். ‘இங்கேதான் தண்ணீரில் சர்க்கஸ் காட்டுவோம்’ என்று கிளம்புவதற்கு ஒரு தனிக் கிறுக்கு வேண்டும். அந்தக் கிறுக்கு சர்க் து சொலேய் கம்பெனிக்கு இருந்தது. 1984ல் கனடாவின் கியூபெக்கில் தெருக்கலைஞர்கள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி அது. யானை கிடையாது, சிங்கம் கிடையாது. மனித உடம்பு ஒன்றுதான் மூலதனம்.

1998 அக்டோபரில் பெலாஜியோ என்ற சொகுசு ஹோட்டல் திறந்தது. கூடவே அதற்குள் 1,800 இருக்கை கொண்ட அரங்கமும் திறந்தது. ஐரோப்பாவின் பழங்கால ஆப்ரா மாளிகை போலக் குவிமாடமும் மாடங்களுமாக இழைத்துக் கட்டியிருந்தார்கள். அதில் அரங்கேறிய ஷோவின் பெயர் ஒரே எழுத்து: ‘ஓ’. இயக்கியவர் பிராங்கோ டிராகோன். இத்தாலியில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்தவர். தண்ணீர் ஷோ என்றால் உலகம் முழுக்க முதலில் நினைவுக்கு வந்த ஆள். 2022ல் காலமானார்.

மேடைக் குளத்தில் இருக்கும் தண்ணீர் 15 லட்சம் காலன். நம் கணக்கில் ஏறக்குறைய 57 லட்சம் லிட்டர். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் கொண்டுவந்து ஊற்றுவதாக இருந்தால் 475 நடை அடிக்க வேண்டும்! ஆழமான இடத்தில் 25 அடி. ஆளை ஆள் மேல் நிறுத்தினால் நாலு பேர் முழுசாக முங்கிவிடுவார்கள்.

இதில் ஃபர்ஸ்ட் ஷோ, செகண்ட் ஷோ என்று ஒரே இரவில் இரண்டு காட்சிகள் நடக்கும். ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம். இடைவேளை கிடையாது. முறுக்கு வாங்கப் போகிறேன் என்று எழுந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

தரை வரும், தரை போகும்

முதல் ரகசியம் குளத்தின் அடியில் இருக்கிறது. அந்தத் தரை ஒரே தரை இல்லை. ஏழு பெரிய ஹைட்ராலிக் லிஃப்ட்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறும், இறங்கும். எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்தால் தண்ணீர் மறைந்து கெட்டியான மேடை. சில அங்குலம் இறக்கினால், நடப்பவர் தண்ணீர் மேல் நடப்பதாகத் தோன்றும். முழுக்க இறக்கினால் பாதாளம். ஒரு பக்கத்தை மட்டும் இறக்கி மறுபக்கத்தை ஏற்றி வைத்தால், இங்கே நடனம், அங்கே நீச்சல்!

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். அவ்வளவு பெரிய பலகை தண்ணீருக்குள்ளிருந்து மேலே கிளம்பினால், தலைக்கு மேலிருக்கும் தண்ணீரை எல்லாம் தூக்கிக்கொண்டுதானே வரும்? அலை எழும்பி முன்வரிசை முழுக்கக் குளித்துவிடாதா? அதற்காகத்தான் மேடைப் பரப்பில் பொடிப்பொடியாகத் துளைகள் போட்டிருக்கிறார்கள். தரை ஏற ஏறத் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே சத்தமில்லாமல் கீழே நழுவிவிடும். மேல்பரப்பு ரப்பர் மாதிரி. ஈரக்காலோடு ஓடி வந்து குட்டிக்கரணம் போட்டாலும் வழுக்காது. நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தண்ணீர் மெதுவாக வற்றித் தரையாக மாறும் மாயம்தான்.

இந்த மாயத்துக்கு ஒரு பயங்கரமான மறுபக்கம் உண்டு. உச்சியில் ஒருவர் குதிக்கத் தயாராக நிற்கிறார். கீழே லிஃப்ட் முழுசாக இறங்காமல் மூன்றடியில் நின்றுவிட்டால்? 60 அடியிலிருந்து விழுகிறவர் தண்ணீரைத் தொடும்போது மணிக்குக் கிட்டத்தட்ட 68 கிலோமீட்டர் வேகத்தில் வருவார். அதனால் இது மாதிரி ஷோக்களில் எந்தக் குதிப்பும் கலைஞரின் தைரியத்தை மட்டும் நம்பி நடப்பதில்லை. தரை இறங்கிவிட்டதா, விழும் இடத்தில் வேறு யாரும் இல்லையே என்று பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அத்தனையும் சரி என்றான பிறகுதான் குதிப்பு. ‘கோ’ என்று ஸ்டேஜ் மேனேஜர் உச்சரிக்கும் அந்த ஒற்றைச் சொல்லுக்குத்தான் லைட்டு, லிஃப்ட், கயிறு எல்லாம் அசையும்.

அடியில் ஒரு தனி ஊர்

இனி நிஜமான திரைமறைவு. அது மேடைக்குப் பின்னால் இல்லை, கீழே இருக்கிறது.

ஒரு நீச்சல்காரியின் கூடவே முங்கிப் பார்ப்போம். மேலே இருக்கும் வரை முகத்தில் அந்தப் பெரிய புன்னகை. கால் விரல் நுனி தண்ணீருக்குள் மறையும் வரை அந்த நேர்த்தி குலையாது. மறைந்த மறுகணம் ஆள் மாறிவிடுகிறார். பார்வை கலங்கல். நாம் தெளிவாகப் பார்ப்பதற்குக் காரணம், காற்றிலிருந்து கருவிழிக்குள் நுழையும்போது ஒளி வளைவதுதான். கண்ணின் குவிக்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு அந்த இடத்தில் கிடைக்கிறது. தண்ணீரில் அந்த வளைவு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். ஜிகினா உடையோடு கண்ணாடி மாட்டிக்கொண்டு மேடையில் வர முடியுமா? வெறும் கண்ணோடு போனால் எல்லாமே கலர் கலரான கறைகள்தான்.

அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து ஒரு கை நீள்கிறது. ஸ்கூபா சிலிண்டர் கட்டிய டைவர். ஷோ தொடங்கியதிலிருந்து அடியிலேயே காவல் இருக்கிறவர். அவர் நீட்டும் ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் காற்று வரும் வாய்க்கருவியை, நீச்சல்காரி கவ்வுகிறார். கவ்வியதும் இழுத்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். அதனால் கடைசியாக மிச்சமிருக்கும் மூச்சை முதலில் ‘ஃபூ’ என்று ஊதி, குழாயில் இருக்கும் தண்ணீரைத் தள்ளிவிட்டு, அப்புறம்தான் இழுக்க வேண்டும். ஊத மூச்சே இல்லையா? ரெகுலேட்டரில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் காற்றே தண்ணீரைத் துரத்திவிடும். பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம்: ‘நல்லா இருக்கேன்’. கட்டைவிரலை உயர்த்தக் கூடாது! தண்ணீருக்கடியில் அதற்கு ‘சபாஷ்’ என்று பொருள் இல்லை, ‘மேலே போகலாம்’ என்று பொருள். பாராட்டப்போய் ஆளைத் தப்பான நேரத்தில் மேடையேற்றிவிட்டால் என்னாவது!

இப்போது தெரிகிறதா முங்கினவர்கள் எங்கே போனார்கள் என்று? சிலர் டைவரின் துணையோடு அடியிலேயே நீந்தி, நம் கண் படாத மூலையில் கரையேறுகிறார்கள். சிலர் எங்கேயும் போவதில்லை. அடுத்த ‘என்ட்ரி’ வரும் வரை நம் காலடிக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள்! மேலே கோமாளி நம்மைச் சிரிக்க வைத்தானே, அவன் சிரிப்புக்கும் சம்பளம், மறைப்புக்கும் சம்பளம்.

இந்த மூச்சில் ஒரு வில்லங்கம் உண்டு. கரையில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போனால் நுரையீரலில் காற்று சுருங்கும். மேலே வந்தால் பழைய அளவுக்குத் திரும்பும். ஆபத்தில்லை. ஆனால் 25 அடி ஆழத்தில், தண்ணீரின் அழுத்தம் சேர்ந்த இடத்தில், சிலிண்டரிலிருந்து இழுக்கும் காற்று வேறு ரகம். அங்கே 4 லிட்டர் காற்றை இழுத்து, அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 7 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும். அதனால்தான் இந்த ஷோவுக்கு வரும் பல்டிக்காரரானாலும் சரி, ஒலிம்பிக் வீராங்கனையானாலும் சரி, ஸ்கூபா பாடம் படிக்காமல் தண்ணீரில் இறங்க முடியாது. ஏறும்போது மூச்சை விட்டுக்கொண்டே ஏறு என்பது முதல் பாடம். புன்னகையோடு மேலே வந்து தலையை உதறுகிறாரே, அந்தப் புன்னகைக்கு ஒரு விநாடி முன்பு வரை வாயிலிருந்து குமிழ் விட்டுக்கொண்டு வந்திருப்பார்.

டைவர்களின் வேலை காற்றுக் கொடுப்பதோடு முடிவதில்லை. மேடைச் சாமான்களை அடியிலிருந்து எடுத்துவைப்பது, மாட்டுவது, கழற்றுவது எல்லாம் அவர்கள்தான். நாடகக் கொட்டகையில் ‘சீன்’ மாற்றும் ஆட்களின் வேலையை இவர்கள் எடையில்லாத இருட்டில், வாய் பேசாமல் செய்கிறார்கள்.

பாட்டு கேட்குதா?

கேட்கிறது! குளத்துக்குள் தனி ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. தலை உள்ளே, கால் வெளியே என்று தலைகீழாக நிற்கும் பத்துப் பதினைந்து பேரும் ஒரே தாளத்தில் கால் உதறுவது அதனால்தான்.

ஆனால் தண்ணீருக்குள் கேட்பது விசித்திரமான அனுபவம். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். தண்ணீரில் சுமார் 1,500 மீட்டர். வலது காதுக்கும் இடது காதுக்கும் இடையே ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை ‘சத்தம் அந்தப் பக்கம்’ என்று கண்டுபிடிக்கிறது. தண்ணீரில் அந்த வித்தியாசம் ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். திசை தெரியாது. பாட்டு மண்டைக்குள்ளிருந்தே ஒலிப்பது போலிருக்கும். கண்ணும் தெரியாது, காதும் திசை சொல்லாது. இந்த நிலையில் பக்கத்து ஆளின் கால் மேல் கால் படாமல் வரிசை பிடிப்பதை நினைத்துப் பாருங்கள்!

மேலே இசை பெனுவா ஜுத்ரா. சீன எர்ஹு, ஆப்பிரிக்க கோரா, பேக்பைப் என்று உலகத்து வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்த நேரடி இசை. வாத்தியக்காரர்கள் கண்ணாடி அடைப்புக்குள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். மரமும் தோலும் நரம்பும் ஈரக்காற்றில் என்ன பாடுபடும் என்று நம் மிருதங்க வித்வான்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இது புது வித்தையே இல்லை

‘மறைவதுதான் வித்தை’ என்பதை டிராகோன் கண்டுபிடிக்கவில்லை. லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கத்தில் 1804லேயே மேடைக்கடியில் தொட்டி கட்டி, தண்ணீர் நிரப்பி, கப்பல் சண்டை காட்டினார்கள். 1905ல் திறந்த நியூயார்க் ஹிப்போட்ரோம் அரங்கத்தில் இன்னும் ஒரு படி மேல். நடனப் பெண்கள் அணியணியாக இறங்கி, மேடைத் தொட்டித் தண்ணீருக்குள் நடந்து போய், தலை முங்கி, திரும்பி வராமலே மறைந்தார்கள்! ஊரே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. விஷயம் இதுதான்: தண்ணீருக்கடியில் காற்று அடைத்த கூண்டு இருந்தது. பெண்கள் அதற்குள் தலையை நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு பின்பக்கம் வெளியேறினார்கள்.

வியட்நாமின் நீர்ப் பாவைக்கூத்து இதைவிடப் பழசு. 1121ம் வருஷத்துக் கல்வெட்டிலேயே அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. பாவையாட்டிகள் மூங்கில் தட்டிக்குப் பின்னால் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார்கள். பாவையைத் தாங்கும் கழி தண்ணீருக்கடியில் ஓடும். தண்ணீர் கலங்கலாக இருப்பதுதான் அங்கே திரை. காலம் மாறினாலும் தண்ணீர் மேடையின் சூத்திரம் ஒன்றே: காட்டுவதற்கு மேல்பக்கம், மறைப்பதற்குக் கீழ்பக்கம்.

ஈரக் கை, வழுக்கும் கம்பி

சாதாரண சர்க்கஸில் ட்ரபீஸ்காரர் கையில் வெள்ளைப் பொடி பூசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வியர்வையை உறிஞ்சிப் பிடி கொடுக்கும் பொடி. ஈரக் கையில் அது சேறு. அதனால் தண்ணீர் ஷோவில் கதை எப்படிப் போனாலும் உடம்புக்கு ஒரு சட்டம் உண்டு: முதலில் அந்தரம், பிறகு தண்ணீர். ஊஞ்சலாடி முடித்தவர் கையை விட்டுக் குளத்தில் விழலாம். விழுந்தவர் அதே ஈரத்தோடு ஊஞ்சலுக்கு ஓடி வர முடியாது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் வர வேண்டுமென்றால் நடுவில் துவட்டவும் உடை மாற்றவும் நேரம் வைத்துத்தான் நிகழ்ச்சிகளை அடுக்க முடியும்.

‘ஓ’வில் கப்பல் எலும்புக்கூடு போல ஓர் இரும்புச் சட்டம் அந்தரத்தில் ஆடும். அதில் தொங்கியபடி ஒருவரை ஒருவர் வீசிப் பிடிப்பார்கள். வலை கிடையாது. கீழே இருக்கும் குளம்தான் வலை! ஆனால் தண்ணீர் மெத்தை என்று நினைப்பவர்கள் வயிறு அடிபட விழுந்து பார்த்ததில்லை. விறைப்பாக, குறுகலாக, சரியான கோணத்தில் நுழைந்தால்தான் அது வழி விடும். மேற்பரப்பு கண்ணாடி போல அசையாமல் இருந்தால் இன்னொரு தொல்லை. சுற்றிக்கொண்டே விழுகிறவருக்குத் தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்பதே தெரியாது. ஒலிம்பிக் குளங்களில் பலகைக்குக் கீழே தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். சலசலப்பு இருந்தால்தான் கண்ணுக்குத் தரை தெரியும்.

தண்ணீரும் போதாதென்று நெருப்பு வேறு! உடம்பு முழுக்கத் தீப்பிடித்து எரிய, ஓர் ஆசாமி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பதற்றமே இல்லாமல் பக்கம் புரட்டுவார். அணைக்கத் தண்ணீர் தேடி ஓட வேண்டிய அவசியம் இல்லாத ஒரே தீவிபத்து உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

சாயம் போகாத சந்தோஷம்

உடைகள் டொமினிக் லெமியூ கைவண்ணம். பார்த்தால் ஏதோ ராஜா காலத்துப் பட்டாடை போலிருக்கும். நிஜப் பட்டும் பருத்தியும் தண்ணீரைக் குடித்துக் கனத்து ஆளை அடியில் இழுத்துவிடும். அதனால் நீச்சலுடைத் துணியிலேயே அத்தனை ஜாலமும் காட்ட வேண்டும். குளோரின் சும்மா விடுமா? சாயத்தைத் தின்னும், எலாஸ்டிக்கைத் தளர்த்தும். ஆகவே ஒரே உடைக்குப் பல பிரதிகள் உண்டு. ஒன்று உடம்பில் இருக்கும்போது இன்னொன்று காயும், மற்றொன்று தையல் மேசையில் கிடக்கும். முதல் காட்சியில் நனைந்தது இரண்டாம் காட்சிக்குள் காய வேண்டுமே! உடைப் பிரிவுக்காரர்களுக்கு வருஷம் முழுக்க ஐப்பசி மழைதான், வெயிலே கிடையாது.

குளத்துத் தண்ணீரின் வெப்பம் சுமார் 31 டிகிரி செல்சியஸ். ‘வெதுவெதுன்னு சுகம்’ என்று தோன்றும். ஆனால் தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். இரண்டு காட்சி முழுக்க ஊறுகிறவர்களுக்கு அந்த வெதுவெதுப்பு ஆடம்பரம் இல்லை, அவசியம். பார்வையாளர் பாடு வேறு. வெந்நீர்க் குளத்தருகே உட்கார்ந்தால் புழுங்கித் தீர்ந்துவிடும். அதற்கும் வழி செய்திருக்கிறார்கள்: நாற்காலிக்கு அடியிலிருந்தே குளிர்ந்த காற்று வரும். கலைஞருக்கு வெயில், ரசிகருக்கு மார்கழி. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பருவங்கள்!

பதக்கத்துக்குப் பிறகு ஒரு வேலை

மேடையில் தோன்றுவோர் எண்ணிக்கை 80ஐத் தொடும். திரைக்குப் பின்னால் அதைவிடப் பெரிய படை. கலைஞர்களில் பலர் ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங், ஒருங்கிணைந்த நீச்சல் என்று போட்டிகளில் கலக்கியவர்கள். பதக்க வயது தாண்டியதும் ‘இனி என்ன?’ என்ற கேள்வி வருமே, அதற்கு இது ஒரு பதில்.

பில் மே கதை இன்னும் சுவாரஸ்யம். ஒருங்கிணைந்த நீச்சல் ‘பெண்கள் விளையாட்டு’ என்று முத்திரை குத்தப்பட்டிருந்த காலத்தில் அதில் அசத்திய அமெரிக்க ஆண். ஒலிம்பிக்கில் அவருக்கு இடமே இல்லை. ‘ஓ’வில் சேர்ந்து வருஷக்கணக்காக நீந்தினார். 2015ல் ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் முதல்முறையாகக் கலப்பு இரட்டையர் பிரிவு வந்தது. குளத்திலிருந்து கிளம்பிப் போனார். கூட ஜோடி சேர்ந்த கிறிஸ்டினா ஜோன்ஸும் அதே ‘ஓ’ ஷோவின் நீச்சல்காரி. தங்கம் வாங்கினார்கள்! விளையாட்டு உலகம் கதவைத் திறக்கும் வரை அவரை வடிவில் வைத்திருந்தது ஒரு சர்க்கஸ் குளம்.

தாங்கள் கற்றதை இங்கே வந்து மறக்க வேண்டியவர்களும் உண்டு. ஜிம்னாஸ்ட் தரையில் கால் ஊன்றிப் பழகியவர். குளத்திலோ ஊன்றத் தரை கிடையாது. இரண்டு கால்களையும் எதிரெதிராகச் சுழற்றி, தண்ணீரைக் கடைந்தே உடம்பை இடுப்பு வரை மேலே நிறுத்துவது நீச்சல்காரிகளின் பிழைப்பு. அதைப் பார்த்தால் மேலே மயில், கீழே மிக்ஸி!

மக்காவ்: மோட்டார் பைக்கும் உண்டு

‘ஓ’ ஜெயித்ததும் டிராகோன் சும்மா இருக்கவில்லை. 2005ல் லாஸ் வேகாஸிலேயே ‘லெ ரேவ்’. வட்ட அரங்கம், நடுவில் குளம். 2010ல் சீனக் கடலோர மக்காவில் ‘தி ஹவுஸ் ஆஃப் டான்சிங் வாட்டர்’. இது அண்ணனையே தூக்கிச் சாப்பிட்ட தம்பி. 37 லட்சம் காலன், அதாவது சுமார் 1.4 கோடி லிட்டர். 11 லிஃப்ட்கள். கப்பலின் பாய்மரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும். அதே இடம் சற்று நேரத்தில் காய்ந்த தரையாகி, மோட்டார் பைக்குகள் அந்தரத்தில் பறந்து பாயும்!

அங்கே உயரக் குதிப்பு 24 மீட்டருக்கும் மேல். தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குப் பக்கம். இவ்வளவு உயரத்திலிருந்து தலை கீழாக நுழைவது தற்கொலைக்குச் சமம். உயரக் குதிப்பில் கால்தான் முதலில் போக வேண்டும். சுற்றி, முறுக்கி, கடைசி நொடியில் காலை நீட்டி நிமிர்ந்து நுழைவார்கள்.

2020ல் கொரோனா எல்லாக் குளத்தையும் அசையாமல் நிறுத்தியது. ‘லெ ரேவ்’ திரும்பவே இல்லை. ‘ஓ’ 2021 ஜூலையில் மறுபடி தொடங்கியது. மக்காவ் ஷோ ஐந்து வருஷம் உறங்கி, 2025 மே மாதம் புது வடிவில் எழுந்தது. சாதாரண நாடகத்தை நிறுத்தினால் திரையை இழுத்துவிட்டுப் போகலாம். இங்கே அரங்கம் இருட்டிக் கிடந்தாலும் குளம் குளம்தான். தண்ணீர் கெட்டுப் போகும், லிஃப்ட் துருவேறும், கேபிள் அரிக்கும். பார்க்க ஆளில்லாத குளத்துக்கும் ஆள் வைத்துத்தான் ஆக வேண்டும்.

என்றாவது இவற்றில் ஒன்றுக்கு டிக்கெட் எடுக்கும் வாய்ப்பு வந்தால், முன்வரிசையா மேல்வரிசையா என்று யோசிப்பீர்கள். முன்வரிசை என்றால் நட்சத்திரங்களின் கண்ணிமையில் ஒட்டிய ஜிகினா வரை தெரியும், தண்ணீரும் மேலே தெறிக்கும். மக்காவில் முன்வரிசைக்காரர்களுக்குத் துண்டே கொடுத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மேல்வரிசைதான். அங்கிருந்து குனிந்து பார்த்தால்தான் முழுக் குளமும் ஒரே பார்வைக்குள் அடங்கும். ஒரு பக்கம் தரை நழுவி இறங்குவதும், இன்னொரு மூலையில் தொடர்ச்சியாகக் குமிழ்கள் கிளம்புவதும் கண்ணில் படலாம். குமிழ் வருகிறதென்றால் அடியில் ஓர் ஆள் இன்னொருவருக்குக் காற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். கைதட்டுவதானால் அந்தப் பக்கமும் இரண்டு தட்டு தட்டுங்கள்!